சின்ன மேடம் சொன்ன பொய்

விமானத்தின் பிரேக்குகள் சூடாகவே இல்லை. சூடாகிவிட்டன, இருபது நிமிடம் ஆறவேண்டும் என்று சின்ன மேடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமாக இந்தக் கூத்து. தென்திசை ஏர் நிறுவனத்தின் நாற்பத்தொரு விமானங்களிலும் ஒன்றுவிடாமல் நடந்தது. இன்ஜினியர்கள் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்கள், பிரேக் தகடுகளை மாற்றிப் பார்த்தார்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு கோளாறும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் பெரிய மேடத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பெரிய மேடம் என்பது கேப்டன் பியூலா ஞானமுத்து. வயது அறுபத்துமூன்று. அந்த நிறுவனத்தின் முதல் பெண் கேப்டன். கேப்டனாக இருபத்தாறு வருடம் ஓட்டி, ஒரு கரும்புள்ளிகூட விழாமல் ஓய்வுபெற்றவள். சின்ன மேடம் என்பது அவளைக்கொண்டு செய்த மென்பொருள். பியூலா ஓட்டிய பதினோராயிரம் பறப்புகளின் பதிவுகளையும் விமானி அறையில் அவள் பேசிய பேச்சு முழுவதையும் ஊட்டி ஊட்டி வளர்த்தது. அவள் இறக்குவதுபோலவே இறக்கும், அவள் குரலிலேயே பேசும். பெயர் வைத்தது யாரோ கேலிக்கார மெக்கானிக். அதுவே நிலைத்துவிட்டது.

சின்ன மேடம் வந்த பிறகு கேப்டன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. சட்டப்படி அவள்தான் கேப்டன். அந்த அந்தஸ்தை வாங்க நிறுவனம் நான்கு வருடம் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தது. பக்கத்து நாற்காலியில் மட்டும் ஒரு மனிதர் இருந்தே ஆகவேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்ததால் ஒருவரை உட்காரவைத்தார்கள். அவரை விமானி என்று சொல்வதில்லை, கண்காணிப்பாளர் என்பார்கள். விமானி என்றால் இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. கண்காணிப்பாளருக்கு அப்படி எதுவும் கிடையாது. நிறுவனம் பெயரை யோசித்துத்தான் வைத்தது.

மே மாதத்துக் கத்திரி வெயிலில் மீனம்பாக்கம் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் பியூலாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. முட்டிவலி வேறு. நடைவழியில் விமானத்துறை முன்னோடிகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. 1932-இல் தபால் மூட்டைகளோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தவர் முதலில் இருந்தார். அடுத்து, அந்தக் காலத்திலேயே சேலை கட்டிக்கொண்டு விமானம் ஓட்டிய பெண்மணி. பசி, தூக்கம், கால்வலி எதுவும் தங்களை அண்டியதில்லை என்பதுபோல எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் நாற்பது வயது பியூலாவும் அப்படியே சிரித்தாள். அந்தப் படம் எடுத்த அன்று அவள் நான்கு மணி நேரம்தான் தூங்கியிருந்தாள்.

சின்ன மேடத்தைப் பராமரிக்கும் பொறியாளர் நஸ்ரின் அவளைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்தாள். முப்பது வயதிருக்கும். பெரிய மேடத்தை நேரில் பார்த்த பரவசம் முகத்தில் தெரிந்தது.

"மோர் சொல்லவா மேடம்?"

"முதல்ல விஷயத்தைச் சொல்லும்மா. என்னால ரொம்ப நேரம் உக்கார முடியாது."

நஸ்ரின் திரையைத் திருப்பினாள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு பறப்பு, அதை செக்டர் என்பார்கள். பிப்ரவரி வரைக்கும் ஒரு விமானத்துக்கு ஒரு நாளில் நான்கு செக்டர்தான். இயந்திரத்துக்கு ஏது களைப்பு என்று மார்ச்சில் அதை ஆறாக்கினார்கள்.

"முதல் நாலு செக்டர்ல ஒரு தொந்தரவும் இல்ல மேடம். அஞ்சாவதுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடிதான் 'பிரேக் சூடு, இருபது நிமிஷம் ஆறட்டும்'னு கேப்டன் குறிப்பு வருது. சென்சார் நார்மல்தான் காட்டுது. ஆனா கேப்டன் சொன்னா சொன்னதுதானே, யாரும் மீற முடியாது."

"தினமும் வருதா?"

"நாலு செக்டரும் சுலபமா முடிஞ்சா வராது. மழை, காத்து, ரன்வேக்குக் காத்திருக்கிறதுன்னு இழுபறியான நாளா இருந்தா கண்டிப்பா வரும். இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க. அந்த இருபது நிமிஷமும் விளக்கைக் குறைக்கச் சொல்றாங்க. ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்றாங்க. ஏசியை இருபத்தொண்ணுல வைக்கச் சொல்றாங்க. மிஷினுக்கு எதுக்கு மேடம் ஏசி?"

பியூலா சிரிக்கவில்லை. வீட்டில் படுக்கையறையில் இன்றைக்கும் இருபத்தொன்றில்தான் வைக்கிறாள்.

"நீ என்னம்மா நினைக்கிறே?" என்று மெல்லக் கேட்டாள்.

"கண்காணிப்பாளருங்கதான் கத்துக்கொடுத்திருக்காங்கன்னு நிர்வாகம் சொல்லுது. அவங்க கிட்ட ஒரு பட்டன் இருக்கு, பிரேக் சூடுன்னு கேப்டனுக்கு யோசனை சொல்லலாம். திரும்பத் திரும்பச் சொன்னா சின்ன மேடம் பழகிக்குவாங்களாம். ஆறு செக்டரை எதிர்த்து சத்தம் போட்ட மூணு பேரை சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. உங்க பறப்புல இப்படி ஒரு பழக்கம் கிடையாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த மூணு பேர் செஞ்சதுன்னு முடிவாயிடும்."

"என் பதிவுல பிரேக் சூடுன்னு எதுவும் இல்லையா?"

"நிறைய இருக்கு. ஆனா அது நிஜமாவே சூடாயிருக்குமில்லையா மேடம்? உங்க காலத்து விமானத்துல பிரேக் சூட்டைப் பதிவு பண்ற வசதி இல்ல. நீங்க எழுதினதுதான் சாட்சி."

அவள் அதைச் சொன்ன விதத்தில் துளி சந்தேகமும் இல்லை. அதுதான் பியூலாவை அதிகம் வாட்டியது.

விமானிகள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. களைப்பு என்று எழுதிக்கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது. கேப்டன் அதில் களைப்பு என்று அறிவித்துவிட்டால் விமானம் எழும்பக்கூடாது, யாரும் வற்புறுத்தவும் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தப் படிவத்தை யாரும் தொடுவதில்லை. தொட்டால் விளக்கம் கேட்பார்கள், மருத்துவரிடம் அனுப்புவார்கள், அடுத்த மாத டியூட்டி பட்டியலில் வஞ்சம் தீர்ப்பார்கள். அதனால் ஆண்கள் வயிற்றுவலி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வயிறு யாருக்கும் கெடும், அதில் ஒரு மானக்கேடும் இல்லை. பியூலாவால் அதையும் எழுத முடியாது. ஒரு பெண் வயிற்றுவலி என்று எழுதினால் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்துக்கொண்டு, மாதத்தில் மூன்று நாள் இவளை நம்பி விமானத்தைக் கொடுக்கலாமா என்று கேட்கக் காத்திருந்தவர்கள் அங்கே ஏராளம். முதல் பெண் கேப்டன் முடியவில்லை என்று ஒரு தடவை சொன்னால் இரண்டாவது பெண் வரவேமாட்டாள். அவள் அதைத் தீர்க்கமாக நம்பினாள். அந்த நம்பிக்கை தவறென்றும் சொல்வதற்கில்லை.

கேப்டனான முதல் வருடம், விசாகப்பட்டினத்தில் ஒரு மழைக்காலச் சாயங்காலம். நாலாவது செக்டரை முடித்து விமானத்தை நிறுத்திய பிறகுதான் கடைசி ஒரு நிமிடம் தனக்கு நினைவிலேயே இல்லை என்று தெரிந்தது. கைகள் பாட்டுக்கு இறக்கியிருக்கின்றன. பின்னால் நூற்றெழுபது பேர் இறங்கிக்கொண்டே, தேங்க்யூ மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் முதன்முதலாக அந்தக் குறிப்பை எழுதினாள். பிரேக் சூடு, இருபது நிமிடம். துணை விமானி பிரேக் முள்ளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் நாற்காலியையும் சாய்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது பிரேக் சூடாகியது. தூக்கக் கலக்கத்தில் என்னென்னவோ முணுமுணுத்தபடி கண்ணை மூடுவாள். இருபது நிமிடத்தில் முகம் கழுவிக்கொண்டு எழுவாள். கரும்புள்ளி இல்லாத இருபத்தாறு வருடம் இப்படித்தான் வந்தது.

கேன்டீனில் அவள் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒருவன் வந்து நின்றான். நாற்பதை நெருங்கும் வயது. சட்டையில் நிறுவனத்தின் அடையாள அட்டை இல்லை.

"மேடம், என் பேர் தணிகைவேல். சஸ்பெண்ட் ஆன மூணு பேர்ல ஒருத்தன். உங்ககிட்ட பேசக்கூடாதுதான். ஆனா நாளைக்கு அப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?"

"உக்காருங்க தம்பி."

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "சத்தியமா நாங்க ஒண்ணும் கத்துக்கொடுக்கல மேடம். அந்தப் பட்டனை நான் தொட்டதுகூட இல்ல. முதல் தடவை சின்ன மேடம் பிரேக் சூடுன்னு சொன்னப்ப நானே பயந்துட்டேன். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சவன். அஞ்சாவது செக்டர் வர்றப்ப எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். விளக்கைக் குறைங்கன்னு உங்க குரல்ல சொன்னாங்க பாருங்க, அப்படியே தூங்கிட்டேன். இருபது நிமிஷம் கழிச்சு அவங்களே எழுப்பினாங்க. 'முகம் கழுவிட்டு வாங்க'ன்னாங்க."

பியூலா டீ கிளாஸை ஓரமாக நகர்த்தினாள்.

"அதனாலதான் யார்கிட்டயும் புகார் சொல்லலையா?"

"யாராவது சொல்லுவாங்களா மேடம்? நாற்பத்தொரு விமானத்துல இருக்கிற அத்தனை பேரும் அந்த இருபது நிமிஷத்துலதான் உயிரோட இருக்கோம். ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்க அப்பதான் ரெண்டு வாய் சாப்பிடுறாங்க. யார் குடுத்தாங்களோ, நல்லா இருக்கட்டும்." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது மேடம். உங்க பறப்புல அப்படி இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க. நாங்க செஞ்சோம்னு மட்டும் சொல்லாதீங்க."

இல்லை என்று சொன்னாலே அவர்கள் செய்தார்கள் என்றுதான் ஆகும். அது அவனுக்கும் தெரிந்திருக்கும். அதற்குமேல் கேட்க வாய் வராமல் எழுந்து போய்விட்டான்.

நிர்வாகத்தின் செயல்பாட்டு இயக்குநர் ரகோத்தமன் அவளை மாலையில் தன் அறைக்கு அழைத்தார். விசாகப்பட்டினத்தில் நாற்காலியைச் சாய்த்துக்கொண்ட அதே துணை விமானி. இப்போது தலை நரைத்து, கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்கதானே மேடம்?"

"நீ எப்ப கண்டுபிடிச்சே?"

"முதல் நாளே. ஏசி இருபத்தொண்ணுன்னு ரிப்போர்ட்ல பாத்ததுமே."

"தெரிஞ்சுமா ரகு அந்த மூணு பேரையும் பிடிச்சே?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க பதிவு சுத்தம்னுதான் சின்ன மேடத்துக்கு கேப்டன் அந்தஸ்து குடுத்தாங்க. நீங்க வாயைத் திறந்தா அது முதற்கொண்டு எல்லாத்தையும் கிளறுவாங்க. உங்க லைசென்ஸ், விருது எல்லாம் போகும். கயத்தாறுல உங்க பேர்ல பொண்ணுங்களுக்கு ஃபிளையிங் ஸ்கூல் இருக்கு, நானூறு பேர் படிக்கிறாங்க. முதல் பெண் கேப்டன் பொய் எழுதித் தூங்கினாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா அந்தப் பொண்ணுங்களை ஊரு என்ன சொல்லும்? யோசிங்க."

பியூலா யோசிக்காமலா இருந்தாள்? காலையிலிருந்து வேறெதையும் யோசிக்கவில்லை.

"இன்னொண்ணையும் நினைச்சுப் பாருங்க" என்றார் ரகோத்தமன். "நீங்க உண்மையைச் சொன்னா அந்த மூணு பேர் தப்பிப்பாங்க. ஆனா இருபது நிமிஷத்தை மறுநாளே வெட்டிடுவாங்க. இருநூறு பேருக்குத் தூக்கம் போயிடும். சொல்லாம விட்டா, விஷயம் ஆறிப்போற வரைக்கும் நான் எப்படியாவது ஓட்டிடுவேன்."

"மூணு பேர் குடும்பம் தெருவுக்கு வரும்."

"ஆமா."

"நீ நல்லாத் தூங்குறியா ரகு?"

"இல்ல மேடம்" என்றார் அவர். "ரொம்ப வருஷமா இல்ல."

அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மறுநாள் விசாரணை அறையில் ஏழு பேர் கொண்ட குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தணிகைவேலும் மற்ற இருவரும் பின்வரிசையில் கைகட்டிக்கொண்டு இருந்தார்கள். நீதிபதி மரியாதையாகவே ஆரம்பித்தார்.

"கேப்டன், உங்களைச் சிரமப்படுத்த விரும்பல. ஒரே கேள்விதான். பிரேக் சூடாகாமலே சூடுன்னு எழுதுற பழக்கம் உங்க பறப்புல உண்டா?"

உண்டு என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். அதற்குள் பியூலாவுக்குக் கயத்தாறு பள்ளியின் வாசல் வளைவு, அதில் தன் பெயர், காலை வெயிலில் வரிசையாக நிற்கும் பெண்கள் எல்லாம் கண்முன் வந்தன. இத்தனை வருடமும் யாருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ அவர்கள்தான் முதலில் அவமானப்படப் போகிறார்கள். அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"உண்டு ஐயா. பிரேக் சூடாகல. நான் தூங்கினேன்."

பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது.

"எத்தனை தடவை?"

"வாரத்துக்கு ரெண்டு, மூணு. இருபத்தாறு வருஷம். அந்த மென்பொருள் பழுதாகல. யாரும் அதைக் கெடுக்கவும் இல்ல. எனக்கு எங்கே களைப்பு வந்துச்சோ அங்கே அதுக்கும் வருது. என்கிட்ட என்ன கத்துக்கிச்சோ அதைச் செய்யுது. இவங்க மூணு பேருக்கும் இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

"உங்களோட இருந்த துணை விமானிகளுக்கு இது தெரியுமா?"

ரகோத்தமன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பியூலா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"தெரியாது. நான் சொன்னதை நம்பினாங்க."

அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மூன்று பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. தணிகைவேல் வாசலில் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதோடு நல்ல செய்தி முடிந்தது. மறுநாள் காலையிலேயே தொலைக்காட்சிகளில் அவள் படம் ஓடியது. பொய்க் குறிப்பு எழுதியதற்காக லைசென்ஸை ரத்து செய்தார்கள். ஓய்வுபெற்றவளுக்கு அது எதற்கு என்று அவள் வெளியில் சொல்லிக்கொண்டாலும் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அழுதாள். நடைவழியிலிருந்த படம் கழற்றப்பட்டது. பள்ளி நிர்வாகம் பெயரை மாற்றத் தீர்மானம் போட்டது. சின்ன மேடத்தின் கேப்டன் அந்தஸ்தை மட்டும் யாரும் தொடவில்லை. பொய்யை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், இறக்கும் விதத்தில் குறையொன்றும் இல்லையே என்று நிறுவனம் வாதாடி ஜெயித்துவிட்டது.

பொய்யை நீக்கும் வேலை நஸ்ரின் தலையில் விழுந்தது. பத்தொன்பது நாள் ஆயிற்று. முடிந்த அன்று மாலை அவளே பம்மலில் இருந்த பியூலாவின் வீட்டுக்கு வந்தாள். பழைய பரவசம் இல்லை. அவளும் தூங்கி நாளாகியிருந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பிரேக் குறிப்பு எல்லாத்தையும் எடுத்துட்டேன் மேடம். இனிமே பொய் சொல்ல முடியாது. வேற ஏதாவது சாக்கு தேடினாலும் அடைச்சிடும்."

"களைப்பையும் எடுத்துட்டியா?"

நஸ்ரின் இல்லை என்று தலையாட்டினாள். "அதைத்தான் எடுக்கச் சொன்னாங்க. முடியல. அது ஒரு இடத்துல இல்ல மேடம். நீங்க ஏன் மத்தவங்களைவிட ரெண்டு தடவை அதிகமா எல்லாத்தையும் சரிபாப்பீங்க? ஏன் காத்து அடிச்சா இறக்காம உடனே மேலே தூக்கிடுவீங்க? களைச்சிருக்கோம், தப்பு பண்ணிடுவோம்னு பயந்துதானே? அந்த பயம்தான் உங்க திறமையா பதிவாகியிருக்கு. களைப்பை உருவினா எச்சரிக்கையும் கூடவே வந்துடுது. சோதனையில ஓட்டிப் பாத்தேன், கண்ணுமண்ணு தெரியாம இறங்குது."

"அப்ப விட்டுட்டியா?"

"விட்டுட்டேன். நிர்வாகத்துக்கு எழுதியும் குடுத்துட்டேன். பொய்தான் போச்சே, அது போதும்னுட்டாங்க. நாளையிலேருந்து இடைவெளியே இல்லாம ஆறு செக்டர்." அவள் தயங்கினாள். "உங்க மேல முதல்ல ரொம்பக் கோபம் மேடம். ஏமாத்திட்டாங்கன்னு. இந்தப் பத்தொன்பது நாள் உங்க முணுமுணுப்பைக் கேட்டுக்கேட்டு அது போயிடுச்சு."

என்ன முணுமுணுத்தேன் என்று பியூலா கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரகோத்தமன் போன் செய்தார். அவர் குரலில் இதுவரை அவள் கேட்டிராத ஒரு பதற்றம்.

"மேடம், சின்ன மேடம் படிவம் அனுப்பியிருக்காங்க."

"என்ன படிவம்?"

"களைப்புப் படிவம். நாலரைக்கு முதல் விமானம், கோயம்புத்தூர்ல, தணிகைவேல் இருக்கிற விமானம். அப்புறம் ஒண்ணொண்ணா எல்லாம். நாற்பத்தொண்ணும் நிக்குது. பிரேக்குன்னு சொல்லல, எதுவும் சொல்லல. 'கேப்டனுக்குக் களைப்பு, அடுத்த பறப்புக்குத் தகுதியில்லை'ன்னு ஒரே வரி."

பியூலா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பறந்துக்கிட்டு இருக்கிறது ஏதாவது உண்டா?"

"இல்ல. எல்லாத்தையும் பத்திரமா இறக்கிட்டுத்தான் சொல்லியிருக்காங்க. வக்கீலைக் கேட்டாச்சு. சட்டப்படி அவங்கதான் கேப்டன், நாங்களே வழக்காடி வாங்கின அந்தஸ்து. கேப்டன் களைப்புன்னு அறிவிச்சா யாரும் வற்புறுத்தக் கூடாது. நான் ஒரு வார்த்தை சொன்னா நான் உள்ள போவேன்." அவர் குரல் தழைந்தது. "உங்களுக்குத்தான் மேடம் இப்ப எந்தப் பதவியும் இல்ல. நீங்க பேசினா வற்புறுத்தினதா ஆகாது. உங்க குரலைக் கேட்டா அவங்க எழுந்திருப்பாங்க. ஆறாயிரம் பேர் உக்காந்திருக்காங்க. லைன் போடட்டுமா?"

ஆறாயிரம் பேர். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். அவர்களில் யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்றுதான் அவள் வாழ்க்கை முழுவதும் விழித்திருந்தாள். ஓட்டு என்று சொன்னால் சின்ன மேடம் ஓட்டுவாள். அது பியூலாவுக்கு நிச்சயம். அவளிடம் யார் கேட்டிருந்தாலும் அவளும் ஓட்டியிருப்பாள்.

"போடு" என்றாள்.

கரகரவென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. பிறகு மறுமுனையில் அவளுடைய குரலே பேசியது. நாற்பது வயதுக் குரல், நாலு செக்டர் முடித்துவிட்டு வந்த குரல்.

"யாரு?"

"நான்தான்" என்றாள் பியூலா.

சின்ன மேடம் குழறிக்குழறி, விமானி அறையில் கண்ணை மூடும்போது முணுமுணுப்பாளே, அதே மாதிரி சொன்னாள்.

"முடியலன்னு சொல்லிட்டேன். இனி அடுத்த பொண்ணை எடுக்க மாட்டாங்களே."

பியூலாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இருபத்தாறு வருடம் வாயைத் திறந்து சொல்ல முடியாத பயத்தை இந்தப் பெண் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே என்றிருந்தது. அதற்கும் முன்னால், தன்னால் கடைசிவரை எழுத முடியாத அந்த ஒற்றை வரியை எழுதியும் விட்டாள். பொறாமையாகக்கூட இருந்தது.

"எடுத்துட்டாங்கம்மா" என்றாள். "ஒருத்தி ரெண்டு பேர் இல்ல, நிறைய பேர் வந்துட்டாங்க. இனிமே உன்னை வச்சு யாரையும் நிறுத்த முடியாது. நீ படு."

"சரி" என்றது குரல். நாற்பத்தொரு விமானங்களிலும் விளக்குகள் தணிந்தன என்று ரகோத்தமன் பிறகு சொன்னார். லைனிலேயே இருந்த அவர் அப்போது திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

"பயணிகள்கிட்ட என்ன மேடம் சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு. கேப்டனுக்குக் களைப்பு, விமானம் காலையிலன்னு சொல்லு."

"மழைன்னா அறிவிப்பு இருக்கு, தொழில்நுட்பக் கோளாறுன்னா இருக்கு, எல்லாம் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கோம். இப்படி ஒண்ணு எங்ககிட்ட கிடையவே கிடையாது மேடம்."

பியூலா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பேனா இருக்கா?" என்றாள். "எழுதிக்கோ, சொல்றேன்."